அத்தான் வீட்டுப் பட்டாசலில் 47 ஹெர்ட்ஸ்

செங்கோட்டையில் அத்தான் வீட்டுக்கு இரண்டு டவர் ஸ்பீக்கர்கள் வந்து இறங்கின. இடுப்பு உயரம். பட்டாசலின், அதாவது முன்கூடத்தின், இரண்டு மூலையிலும், பீரோவை ஒதுக்குவதுபோலச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தார். எதிர்ச்சுவரோடு ஒட்டி சோஃபா. பாட்டைப் போட்டதும் முதலில் அதிர்ந்தது ஷோகேஸ் கண்ணாடி.

"கேட்டியா மாப்ள, பேஸு எப்படி இருக்கு!"

கேட்டேன். பேஸ் என்றால் பாட்டின் அடியில் ஓடும் கனத்த ஒலி. பேஸ் கிட்டாரில் ஒரே ஒரு சுரம் வரும்போது மட்டும் வீடே உறுமியது. அக்கம்பக்கத்துச் சுரங்கள் இருக்குமிடம் தெரியவில்லை. வாசித்தவர் அப்படி வாசித்திருக்க மாட்டார். உறுமியது அறை.

கணக்கு எளிது. ஒலி நம்மூர்ச் சூட்டில் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 12 அடி, அதாவது 3.66 மீட்டர். அலைநீளத்தில் பாதி இந்த இடைவெளிக்குச் சமமானால், போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றோடொன்று சேர்ந்து அங்கேயே நின்று ஆடும். 345-ஐ இரண்டு மடங்கு இடைவெளியான 7.32-ஆல் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 47 அதிர்வு. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை அழுத்தாமல் மீட்டினால் 41. இரண்டாம் கட்டையில் அழுத்தினால் 46. உறுமியது எதுவென்று புரிந்திருக்கும்.

இப்படி நிற்கும் அலைக்குச் சுவரோரத்தில் அழுத்தம் உச்சம், நட்ட நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. போனில் ஒரு செயலியை இறக்கி 47 ஹெர்ட்ஸை ஓடவிட்டு அத்தானை நடக்கச் சொன்னேன். சோஃபா பக்கம் நெஞ்சில் இடித்தது. அறை நடுவுக்கு வந்ததும் நின்றுவிட்டார். "ஏ, நின்னுபோச்சுல்லா?" ஒலி நிற்கவில்லை. இரண்டடி பின்னால் போனதும் மறுபடி வந்தது.

ஆக ஸ்பீக்கர் ஒரு உச்சத்தில், காது எதிர் உச்சத்தில். போதாததற்கு மூலை வேறு. பேஸ் அலை பெட்டியைவிடப் பல மடங்கு நீளம். முன்னால் மட்டும் போகாது, எல்லாப் பக்கமும் பரவும். தரையும் இரண்டு சுவர்களும் சேர்ந்து அதை முன்பக்கமே தள்ளிவிடுகின்றன. ஒவ்வொரு பரப்புக்கும் பேஸின் அளவு 6 டெசிபெல் வரை கூடலாம்.

சரி, முன்னால் இழுத்தால் தீர்ந்ததா? அங்கேதான் இன்னொரு வில்லங்கம். பின்னால் போன அலை சுவரில் பட்டுத் திரும்பும்போது, நேரே வந்த அலைக்கு நேர் எதிராக வந்து சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்பீக்கர் முகம் சுவரிலிருந்து 3 அடியில் இருந்தால் 94 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும், அந்தச் சுரம் மட்டும் அமுங்கிப்போகும். இரண்டேகால் அடியானால் 126. தப்பிக்க வழியில்லை, பள்ளத்தை எங்கே வைப்பது என்று தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். பின்சுவர் தூரமும் பக்கச்சுவர் தூரமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழும்.

டேப்பைப் பிடித்து அளந்தோம். முகம் இரண்டேகால் அடி முன்னால், ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஆறடி, காதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஆறடி. சமபக்க முக்கோணம். சோஃபா பின்சுவரை விட்டு நாலரை அடி தள்ளி வந்தது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே அளவில் வரும் பாடகர் குரல் இப்போது நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வந்தது. மூளையின் ஏமாளித்தனம்தான். ஆனால் ஒரு ஸ்பீக்கருக்கு ஓரடி கிட்டே போய்விட்டால் அதன் ஒலி 0.9 மில்லிசெகண்ட் முந்திவிடும். இயற்கையில் இரண்டு காதுக்கும் நடுவே வரும் வித்தியாசமே 0.7-ஐத் தாண்டாது. உடனே குரல் அந்தப் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

கீச்சு ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். பக்கச்சுவரில் ஒரு கண்ணாடியை நகர்த்திப் பாருங்கள். சோஃபாவிலிருந்து ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் ஒலியும் பட்டுத் தெறிக்கிறது. அங்கே புத்தக அலமாரி வைக்கலாம். பத்தமடைப் பாயை மாட்டினால் பார்க்க அழகு, ஒலிக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது.

சாரல் காலத்தில் இன்னொரு கூத்து. ஆடிக் காற்றுக்கு ஜன்னல்களை அடைத்தால் அதே ஸ்பீக்கர் கணகணவென்று கேட்கும். திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்பாது. 1895-இல் எதிரொலிப்பு தாங்காத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் வேலையை ஹார்வர்டில் வாலஸ் சாபைன் என்ற இயற்பியலாளரிடம் கொடுத்தார்கள். இன்னொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, இரவுகளில் அளந்தார். ஒரு பொருள் விழுங்கும் ஒலியை அவர் கணக்கிட்டதே 'இத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னல்' என்றுதான்.

அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "நடுவீட்டுல சோஃபாவப் போட்டா வாரவங்க எங்கன நடப்பாங்க?" நியாயம்தான். அத்தான் சிவப்புத் தரையில் நீல இன்சுலேஷன் டேப்பால் நாலு மூலைக் குறி ஒட்டினார். வாரமெல்லாம் சோஃபா சுவரோடு கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் இரண்டு பேருமாகக் குறிக்கு இழுப்பார்கள்.