எல்லாக் குளவியும் ஒன்றல்ல, கூட்டைப் பாருங்கள்

மாங்காய் பறிப்பு தொடங்கிவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கமிருந்து குளவிக் கொட்டு வாங்கியவர்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருப்பார்கள். போன வாரம் வந்தவர் தோப்பில் இருந்த கதண்டு (கூட்டமாக வாழும் பெரிய குளவி) கூட்டுக்குத் தீப்பந்தம் காட்டியிருக்கிறார். முகம், கழுத்து, முதுகெல்லாம் தடிப்பு. "குளவிதானே டாக்டர், எங்க வீட்டுச் சுவர்லயும் கட்டியிருக்கு, ஒண்ணும் செஞ்சதில்லையே" என்கிறார்.

வீட்டுச் சுவரில் இருப்பது வேறு, ஐயா! நிலைக்கதவு மூலையிலும் மீட்டர் பெட்டியிலும் மண் குழைத்துக் கட்டுகிற குளவி தனியாக வாழ்வது. இடுப்பு மெலிந்து நீண்டிருக்கும். அந்தக் கூட்டை உடைத்தால் உள்ளே அசையாத சிலந்திகளோ பச்சைப் புழுக்களோ அடுக்கியிருக்கும், குஞ்சுக்கான தீனி. காவலுக்குக் கூட்டம் கிடையாது. கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய அது பெரும்பாலும் கொட்டாது. இதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள், கதண்டிடம் மட்டும் துணிச்சலாகப் போகிறார்கள்.

ஜன்னல் கிரில்லிலும் ஷீட்டுக்கு அடியிலும் சிறு காம்பில் தொங்கி, அறைகள் வெளியே தெரிகிற காகிதக் கூடு இன்னொரு வகை. தொந்தரவு செய்தால் சேர்ந்து கொட்டும். கதண்டுக் கூடோ மரக்கிளையில் பெரிய உருண்டையாக, காகித உறை மூடி, பக்கத்தில் வாசலோடு இருக்கும். மரப்பொந்திலும் மண்ணுக்கடியிலும்கூடக் கட்டும். பெரிய கறுப்பு உடம்பு, வயிற்றில் அகலமான மஞ்சள் பட்டை. கல்லெறியாதீர்கள், புகை போடாதீர்கள். விலகி வந்து தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள்.

கொட்டிவிட்டதா? மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள், வீங்கினால் வராது. சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள். முள்ளைத் தேடிப் பிதுக்க வேண்டாம். முள்ளை விட்டுப்போவது தேனீ, குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். மூச்சுத் திணறல், உடம்பெங்கும் தடிப்பு, நாக்கு வீக்கம், மயக்கம் இதில் எது வந்தாலும் ஒரே கொட்டு என்றாலும் 108. அப்போது தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும், சுண்ணாம்பு அல்ல.

பாம்புக்கடிக்குப் போல இதற்கு விஷமுறிவு மருந்து நம்மிடம் இல்லை. அதனால்தான் நிறையக் கொட்டு வாங்கியவரை வலி குறைந்த பிறகும் வார்டில் வைத்திருக்கச் சொல்கிறோம். தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாவது மறுநாளோ அதற்கு அடுத்த நாளோகூடத் தெரியவரலாம். தயவுசெய்து "நல்லாத்தானே இருக்கேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். வீட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்றால், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ, ராத்திரியானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.