கூடாரத்துக்குள் போகும் ஒளி, வெளியே வர வேண்டிய வெப்பம்

வீட்டுக்குள் செடி வளர்க்கக் கூடாரம் அமைப்பவர்கள் பெரும்பாலும் விளக்கைப் பற்றித்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். விசிறி கடைசியில், மிச்சமிருக்கும் பணத்தில் வாங்கும் சாமான். ஆனால் எத்தனை வாட் விளக்கு என்று முடிவு செய்ததுமே, எவ்வளவு காற்று ஓட வேண்டும் என்பதும் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அதனால் கணக்கைச் செடியிலிருந்து தொடங்கி விளக்குக்கும், அங்கிருந்து விசிறிக்கும் கொண்டுபோவதுதான் சரியான வரிசை.

முதலில் ஒளி. விளக்குப் பெட்டியில் போட்டிருக்கும் லூமன் நம் கண்ணுக்கான அளவு. நம் கண் பச்சை ஒளியை அதிகமாகவும், சிவப்பையும் நீலத்தையும் குறைவாகவும் உணரும். லூமன் அந்தச் சார்பை அப்படியே பின்பற்றுகிறது. செடிக்கு வேறு கணக்கு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் எத்தனை ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், இலைமேல் விழுகின்றன என்பதே அதற்கு முக்கியம். ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்று இதைச் சொல்வார்கள். மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு, அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல். உச்சி வெயிலில் இது 2000 வரை போகும்.

கூடாரத்தில் அவ்வளவு தேவையில்லை. ஏனென்றால் செடிக்கு ஒரு நாளில் கிடைக்கும் மொத்த ஒளிதான் முக்கியம். 300 மைக்ரோமோல் ஒளி 16 மணி நேரம் எரிந்தால், நாள் முடிவில் சதுர மீட்டருக்குச் சுமார் 17 மோல் சேரும். லெட்டூஸ் போன்ற கீரை வகைகளுக்கு இது தாராளம். தக்காளியும் மிளகாயும் 20, 30 என்று கேட்கும். ஒளி கூடக் கூட இலையின் திறன் குறைகிறது. ஆகவே பொதுவாகக் கடும் ஒளியைக் கொஞ்ச நேரம் தருவதைவிட, மிதமான ஒளியை நீண்ட நேரம் தருவது லாபம். இதற்கும் எல்லை உண்டு. இரவே இல்லாமல் எரிய விட்டால் தக்காளி இலை மஞ்சளாகிவிடும். சில செடிகள் பகல் குறுகினால்தான் பூக்கும் என்பதை கார்னர், அல்லார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1920-லேயே புகையிலைச் செடியை வைத்துக் காட்டிவிட்டார்கள். உண்மையில் அவற்றுக்கு வேண்டியது நீண்ட, தடையில்லாத இருட்டு என்பது பின்னால் தெரியவந்தது. செவ்வந்தியும் இந்த ரகம்தான். அதை வளர்க்கிறவர் கூடாரத்தின் ஜிப் ஓரத்தில் ஒளி கசிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊதா நிறத்தில் எரியும் விளக்குகளை எனக்குப் பிடிக்காது. இலை பச்சையாகத் தெரிவதால் பச்சை ஒளி அதற்கு வீண் என்ற எண்ணத்தில் பிறந்தவை அவை. உண்மையில் இலை, தன்மேல் விழும் பச்சை ஒளியிலும் பெரும்பகுதியை உறிஞ்சி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாவதும் புள்ளி விழுவதும் நம் கண்ணில் படாது. நல்ல வெள்ளை எல்இடி போதும்.

இப்போது வாட். 1.2 மீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள கூடாரத்தின் தரை 1.44 சதுர மீட்டர். 300 மைக்ரோமோல் வேண்டுமானால் நொடிக்கு 432 மைக்ரோமோல் தேவை. ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். தரமான எல்இடி ஒரு ஜூலுக்கு 2.5 மைக்ரோமோல் தரும் என்று வைத்தால் 173 வாட். கூடாரச் சுவரில் தொலைவதையும் சேர்த்து 200 வாட். ‘ஆயிரம் வாட்டுக்கு இணை’ போன்ற விளம்பர வரிகளைக் கண்டுகொள்ள வேண்டாம். மின் இணைப்பிலிருந்து விளக்கு உண்மையில் இழுக்கும் வாட்டைத்தான் பார்க்க வேண்டும், இந்தக் கணக்குக்கும் சரி, அடுத்து வரும் கணக்குக்கும் சரி.

எல்இடி சூடாகாது என்பார்கள். பழைய விளக்குகளைப் போல இலையைப் பொசுக்காது, அவ்வளவுதான். அந்த 200 வாட்டில் செடி சர்க்கரையாக மாற்றிச் சேமிப்பது மிகச் சிறு பங்கு. மற்றதெல்லாம், இலையில் பட்ட ஒளி உட்பட, கடைசியில் வெப்பமாகவோ நீராவியாகவோ கூடாரத்துக்குள்ளேயே நிற்கும். அறையைவிட 3 டிகிரிக்கு மேல் சூடு ஏறக் கூடாது என்றால், 200 வாட்டைச் சுமந்து வெளியேற மணிக்குச் சுமார் 200 கன மீட்டர் காற்று வேண்டும். 5 டிகிரி பரவாயில்லை என்றால் 120 போதும்.

கூடாரத்தின் காற்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும் என்று ஒரு பிரபலமான விதி உண்டு. 2 மீட்டர் உயரமுள்ள நம் கூடாரத்துக்கு அது மணிக்கு 173 கன மீட்டர். கிட்டத்தட்டப் பொருந்திப்போகிறது, ஆனால் அது தற்செயல். அதே கூடாரத்தில் 400 வாட் விளக்கைத் தொங்கவிட்டால் காற்று இரண்டு மடங்கு வேண்டும். கன அளவை மட்டும் பார்க்கும் விதிக்கு அது தெரியாது. இன்னொன்று, விசிறியால் கூடாரத்தை அறையைவிடக் குளிராக்க முடியாது. அறையே 34 டிகிரி என்றால், விளக்கை இரவில் எரியவிட்டுப் பகலை இருட்டாக்குவதுதான் சுலபமான வழி.

விசிறியின் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு, எதிரே தடையில்லாதபோது கிடைப்பது. கரி வடிகட்டியும் வளைந்து நெளிந்த குழாயும் சேர்ந்தால் கணிசமாகக் குறையும். ஆகவே ஒரு படி பெரிதாக வாங்கி மெதுவாக ஓட்டுவது நல்லது, சத்தமும் குறையும். சூடான காற்று மேலே நிற்பதால் வெளியேற்றும் விசிறி உச்சியிலும், காற்று நுழையும் துவாரம் எதிர்ப்பக்கம் அடியிலும் இருக்கட்டும். நுழைவாயில் வெளிவாயிலைவிடப் பெரிதாக இருந்தால் உள்ளே தள்ளத் தனி விசிறி தேவைப்படாது. சுவர்கள் லேசாக உள்வாங்கியிருந்தால், காற்று நாம் வைத்த வழியில்தான் போகிறது என்று அர்த்தம்.

வெப்பம் ஒரு காரணம் என்றால் கார்பன் டை ஆக்சைடு இன்னொன்று. நம் கூடாரத்தின் மொத்தக் காற்றிலும் இருக்கும் அந்த வாயு இரண்டு கிராமுக்குச் சற்றே கூட. நன்றாக ஒளி படும் ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு மணிக்கு ஒன்றரை கிராம் வரை இழுக்கக்கூடியது. அடைத்து வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே செடி பட்டினி கிடக்கும், எவ்வளவு நல்ல விளக்கானாலும்.

அப்புறம், உள்ளே சுழலும் சிறிய விசிறி. வெளியேற்றும் விசிறி இதன் வேலையைச் செய்யாது. ஒவ்வொரு இலையையும் ஒட்டி அசையாத மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இருக்கும். வாயுவும் நீராவியும் அதைக் கடந்துதான் போக வேண்டும். கொடியில் போட்ட ஈரத் துணி காற்றடித்தால் சீக்கிரம் உலர்கிறதல்லவா, அதே காரணம்தான். நீராவி போனால்தான் வேரிலிருந்து கால்சியம் மேலேறும். காற்று எட்டாத லெட்டூஸின் உள்ளிலைகள் ஓரம் கருகுவது பல நேரம் இதனால்தான். உரத்தைக் கூட்டிப் பயனில்லை. இலைகள் மெல்ல ஆடும் அளவுக்குக் காற்று போதும்.

பலர் கோட்டைவிடுவது விளக்கு அணைந்த பிறகு. பகலில் 26 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று எல்லாம் சரியாக இருக்கும். விளக்கு அணைந்து அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஈரப்பதம் 86 சதவீதமாகிவிடும். ஒரு சொட்டு நீர்கூடக் கூடவில்லை. சாம்பல் பூஞ்சைக்கு இது திருவிழா. விசிறியை விளக்கின் டைமரிலேயே சேர்த்து மாட்டியவர்களுக்கு இந்தச் சிக்கல் நிச்சயம். விசிறிக்குத் தனி இணைப்பு கொடுத்து, ஈரப்பதத்தைப் பார்த்து ஓடும் கட்டுப்பாட்டுக் கருவியில் சேர்ப்பது நல்லது. அது இல்லையென்றால் இரவு முழுவதும் குறைந்த வேகத்திலாவது ஓடட்டும். அளவு காட்டும் கருவியை இலைகளின் உயரத்தில், விளக்கொளி நேரே படாதபடி சின்ன மறைப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும். நேர் ஒளியில் தொங்கும் கருவி, தான் சூடானதையே காற்றின் வெப்பநிலை என்று காட்டும்.