அஜாக்கிரதை, அலட்சியம், காவாமை: ‘நெக்லிஜென்ஸ்’ என்பதற்குத் தமிழ் என்ன?

சென்னையில் ஒரு குழந்தை பள்ளி வேனில் அடிபட்டு இறந்துபோனால் இரண்டு நாளைக்குள் நான்கு சொற்கள் புழக்கத்துக்கு வந்துவிடும். போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிற முதல் தகவல் அறிக்கையில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்று இருக்கும். மறுநாள் பேப்பரில் ‘அதிகாரிகளின் அலட்சியம்’ என்று வரும். கோர்ட்டில் வக்கீல்கள் ‘நெக்லிஜென்ஸ்’ என்பார்கள், அதையே தமிழில் எழுதும்போது ‘கவனக்குறைவு’ ஆகிவிடும். நாலும் ஒன்றுதானே என்று நாமும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒன்று இல்லை. எந்தச் சொல்லைப் போடுகிறோமோ அதற்கேற்றபடிதான் யாரைக் கேள்வி கேட்பது, யாரை விட்டுவிடுவது என்பதும் அமைகிறது. அதனால் இந்தச் சொற்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

நெக்லிஜென்ஸ் இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலச் சொல் ‘நெக்லெகெரே’. ‘நெக்’ என்றால் இல்லை, ‘லெகெரே’ என்றால் எடுத்தல், பொறுக்குதல், தேர்தல். கையில் எடுக்க வேண்டியதை எடுக்காமல் விட்டது என்பதுதான் அடிப்படைப் பொருள். சட்டத்துக்குள் வந்தபிறகு இதற்கு ஒரு நிபந்தனை சேர்ந்தது: சும்மா விட்டால் மட்டும் போதாது, எடுக்கவேண்டிய கடமை உங்களுக்கு இருந்திருக்க வேண்டும். கடமை இல்லாதவர் பார்க்காமல் போனால் அது நெக்லிஜென்ஸ் ஆகாது. இந்தக் ‘கடமை’ என்ற பகுதியை மறந்துவிடாதீர்கள், தமிழில் மாற்றும்போது முதலில் கழன்று விழுவது அதுதான்.

அஜாக்கிரதை வடமொழி. ‘ஜாக்ரத்’ என்றால் விழித்திருப்பது. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குச் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி என்ற வரிசை தெரிந்திருக்கும், அந்தச் சாக்கிரமும் இதுவும் ஒரே வேர். ஆக அஜாக்கிரதை என்றால் விழிப்பில்லாமல் இருந்தது. ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு போன் பார்த்தவருக்கு, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாராமல் ரிவர்ஸ் எடுத்தவருக்கு இது அச்சாகப் பொருந்தும். ஒரு ஆள், ஒரு நொடி, ஒரு தவறு. அதற்கு மேல் இந்தச் சொல் நீளாது.

அலட்சியமும் வடமொழிதான், ‘லட்சியம்’ என்பதன் எதிர்ப்பதம். பொருட்படுத்தாமல் இருப்பது. ‘என்ன சொன்னாலும் சட்டை பண்ண மாட்டேங்கிறான்’ என்கிறோமே, அந்த அசட்டைக்கு நெருக்கம். தெரிந்தும் மதிக்கவில்லை என்ற திமிர் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைப்புச் செய்திக்கு நல்ல சொல், வழக்குக்கு அவ்வளவு உதவாது, ஏனென்றால் ஒருவருடைய மனதில் திமிர் இருந்ததா என்று யார் நிரூபிப்பது? அரசு அலுவலகங்களுக்கென்றே ‘மெத்தனம்’ என்று இன்னொன்று வைத்திருக்கிறோம். கோப்பு நகரவில்லை என்பதற்கு அது சரி, குழந்தை செத்ததற்கு அது போதாது.

கவனக்குறைவு எனக்குப் பிடிக்காத சொல். பிழை எதுவும் இல்லை, ரொம்ப மென்மையாக இருக்கிறது, அவ்வளவுதான். கணக்குப் பரீட்சையில் பையன் கூட்டலைத் தப்பாகப் போட்டாலும் கவனக்குறைவு, பள்ளிக்கூடம் எரிந்தாலும் கவனக்குறைவு என்றால் அந்தச் சொல்லுக்கு எடையே இல்லை என்று அர்த்தம்.

சரி, இதெல்லாம் நடைமுறையில் எங்கே முட்டுகிறது?

2012 ஜூலை 25. தாம்பரம் பக்கத்தில் முடிச்சூர். பள்ளி விட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி, ஓடும் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து, அதே பேருந்தின் பின்சக்கரத்தில் சிக்கி இறந்தாள். கோபத்தில் மக்கள் அந்தப் பேருந்தையே கொளுத்தினார்கள். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

இந்த மரணத்துக்கு அஜாக்கிரதை என்ற சொல்லைப் பொருத்திப் பாருங்கள். ஓட்டுநர் அன்றைக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, கண்ணை ரோட்டை விட்டு எடுக்காமல் ஓட்டியிருந்தாலும் அந்தக் குழந்தை விழுந்திருப்பாள். பேருந்தின் தரை ஒரே ராத்திரியில் ஓட்டையாகாது. தகடு துருப்பிடித்து, விளிம்பு உதிர்ந்து, காலை வைத்தால் அமுங்கி, அப்புறம்தான் ஒரு குழந்தை நுழைகிற அளவுக்குத் திறக்கும். அத்தனை நாளும் தினம் காலையில் வண்டியைத் துடைத்தவர் இருந்தார், ஒப்பந்தத்துக்கு வண்டி விட்ட உரிமையாளர் இருந்தார், பிள்ளைகளிடம் வேன் கட்டணம் வாங்கிய பள்ளி இருந்தது, எஃப்.சி. என்று நாம் சொல்கிற தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டவர் இருந்தார். இவர்களில் யாருமே தூங்கிவிடவில்லை. பார்க்க வேண்டியது இவர்களுடைய வேலை, அந்த வேலை நடக்கவில்லை. இதற்கு ‘விழிப்பில்லை’ என்பது எப்படிப் பொருந்தும்?

சட்டத்தின் பக்கம் போனாலும் இதே சிக்கல்தான். இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. 1860-ல் எழுதிய சட்டத்தில் அது கிடையாது, 1870-ல்தான் சேர்த்தார்கள். கண்மூடித்தனமான அல்லது கவனக்குறைவான செயலால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றம் 106-வது பிரிவாகி, தண்டனை ஐந்து ஆண்டு வரை உயர்ந்திருக்கிறது. ஆனால் இரண்டிலுமே நடுநாயகமாக இருப்பது ‘செயல்’ என்ற சொல். செய்தவரைக் காட்டுவது சுலபம், அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். செய்யாமல் விட்டவர்களைக் காட்ட, அவர்களுக்கு என்ன கடமை இருந்தது, அது எங்கே எழுதியிருக்கிறது, அதை விட்டதால்தான் மரணம் நேர்ந்ததா என்று ஒவ்வொன்றாக நிறுவவேண்டும். செய்யாமல் விட்டதும் சட்டத்தின் கண்ணில் செயல்தான் என்றாலும், ஆவணத்தில் அது ஏறுவதற்குள் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

முடிச்சூர் மரணத்துக்குப் பிறகு வந்ததுதான் பள்ளிப் பேருந்துகளுக்கான தமிழ்நாடு மோட்டார் வாகனச் சிறப்பு விதிகள், 2012. மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி, பள்ளி அளவில் ஒரு போக்குவரத்துக் குழு என்று பட்டியல் நீளும். இப்போது ஒவ்வொரு மே மாதமும் பள்ளி திறப்பதற்கு முன்பு மைதானத்தில் வரிசையாக வண்டிகளை நிறுத்தி அதிகாரிகள் ஏறிப் பார்க்கிறார்களே, அது இதன் தொடர்ச்சி. அந்தச் சோதனையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் அவசரக் கதவின் கைப்பிடியைத் திருகித் திறப்பார், இன்னொருவர் பின்வரிசை வரை நடந்து தரையைக் காலால் தட்டிப் பார்ப்பார். அந்தத் தட்டலுக்குப் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறாள்.

பத்து வருடம் கழித்து, 2022 மார்ச்சில், ஆழ்வார்திருநகரில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் பின்னால் வந்து இன்னொரு இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் உயிர் போனது. அதே ஆண்டில், பள்ளி வண்டிகளில் முன்னும் பின்னும் கேமராவும் பின்பக்கம் சென்சாரும் கட்டாயம் என்று விதியைத் திருத்தினார்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்துபோன பிறகுதான் பள்ளிக் கூரையில் கீற்று கூடாது என்பதில் அரசு கண்டிப்புக் காட்டியது, 2009-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கப் பள்ளிகளில் தீத்தடுப்பு வசதி வேண்டும் என்றது. ஒரு ஓட்டைக்கு ஒரு விதி, ஒரு ரிவர்ஸுக்கு ஒரு விதி. ஓட்டையோ, ரிவர்ஸோ, கீற்றோ, எதுவானாலும் அதைப் பார்க்கவேண்டியவர் பாராமல் விட்டது ஒரு தனிக் குற்றம் என்று ஒரே சொல்லில் சொல்ல நம்மிடம் பழக்கம் இல்லை. பள்ளிப் பேருந்து மஞ்சளாக மாறியதும், வாடகை ஆம்னி வேனில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் நெருக்கி உட்காருவதும், ஆட்டோவில் சீட்டுக்கு எதிரே பலகை போட்டு இரண்டு பேரை உட்காரவைத்து, புத்தகப் பையை வெளிக் கம்பியில் மாட்டிக்கொண்டு பெரம்பூர் பாலம் ஏறுவதும் ஒரே ஊரில்தான் நடக்கின்றன. அதுவும் கண்முன்னே இருக்கிற ஓட்டைதான்.

இங்கிலாந்தில் நடந்ததைச் சொன்னால் என் கருத்து இன்னும் தெளிவாகும். 2000 பிப்ரவரியில் லண்டனில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, பராமரிக்க அழைத்துவந்த உறவினரின் கையாலேயே சித்திரவதைப்பட்டு இறந்தாள். லார்ட் லேமிங் நடத்திய விசாரணையின் அறிக்கை 2003-ல் வந்தது. சமூக நலத்துறை, மருத்துவமனை, போலீஸ் எல்லாரும் அவளைப் பார்த்திருந்தார்கள், காப்பாற்றியிருக்கக்கூடிய 12 சந்தர்ப்பங்கள் கைநழுவின என்றது அறிக்கை. அதையொட்டி 2004-ல் குழந்தைகள் சட்டம் வந்தது. அதே ஆண்டில் வேறொரு சட்டத்தில் புதிதாக ஒரு குற்றத்துக்குப் பெயர் வைத்தார்கள்: குழந்தையின் சாவை விளைவித்தல் ‘அல்லது சாக விடுதல்’. வீட்டில் இரண்டு பெரியவர்கள், யார் அடித்தது என்று இருவருமே வாய் திறக்கவில்லை என்றால் முன்பு இருவரும் தப்பிப்பார்கள். இப்போது, அதே வீட்டில் இருந்த உனக்கு ஆபத்து தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும், ஆனாலும் உன்னால் முடிந்ததை நீ செய்யவில்லை என்று நிறுவினால் போதும். ‘தெரிந்திருக்க வேண்டும்’ என்ற அந்த இரண்டு வார்த்தைதான் பெரிய மாற்றம்.

நம் சட்டத்தில் இதற்குப் பக்கத்தில் வருவது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அடித்தாலோ, கைவிட்டாலோ, வேண்டுமென்றே புறக்கணித்தாலோ மூன்று ஆண்டு வரை சிறை, குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தின் ஆள் என்றால் ஐந்து ஆண்டு வரை. இங்கே வரும் ‘புறக்கணிப்பு’ நெக்லிஜென்ஸுக்கு உறவுச் சொல்லான ‘நெக்லெக்ட்’. சோறு போடாமல், வைத்தியம் பார்க்காமல் விடுவது. ‘வேண்டுமென்றே’ என்ற சொல் கூடவே நிற்பதால் பேருந்து ஓட்டையை அதற்குள் கொண்டுவருவது கடினம். 2012-ல் வந்த போக்சோ சட்டம் இன்னும் துணிச்சலாக ஒரு படி வைத்தது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதையே குற்றமாக்கியது. ஆறு மாதம் வரை, நிறுவனத்தின் தலைவர் தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததைப் புகார் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை. வாயை மூடிக்கொண்டிருந்ததற்கும் நம் ஊரில் தண்டனை உண்டு என்பதற்கு அது ஓர் உதாரணம்.

இப்போது சொல்லுக்கு வருவோம். தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: பொச்சாப்பு. குறளில் 54-வது அதிகாரம் பொச்சாவாமை. கடமையை மறந்து சோர்வதுதான் பொச்சாப்பு, நெக்லிஜென்ஸுக்கு இதைவிட நெருக்கமாக எதுவும் வராது. ஆனால் இன்றைய காதுக்கு அது அந்நியம், மனுவில் எழுதினால் படிக்கிறவர் விழிப்பார். அதே அதிகாரத்தில்தான் இந்தக் குறளும் இருக்கிறது:

முன்னுறக் காவாது இழுக்கியான் தன்பிழை
பின்னூறு இரங்கி விடும்.

வரப்போவதை முன்பே அறிந்து காக்காமல் சோர்ந்தவன், அது வந்தபின் தன் பிழையை எண்ணி வருந்துவான். குறளில் இழுக்கியவனும் வருந்துபவனும் ஒரே ஆள். நாம் பேசிக்கொண்டிருக்கும் வழக்குகளில் இழுக்கியவர் ஒருவர், வருந்துவது பெற்றவர்கள். அதுதான் மனதைப் பிசைகிறது.

‘காவாது’ என்ற சொல்லிலிருந்தே நமக்கு வேண்டியது கிடைக்கிறது: காவாமை. கா என்ற வினை. காவல், காப்பு, காப்பகம், காப்பாளர், பாதுகாப்பு எல்லாம் அந்தக் குடும்பம். யாரிடம் காவல் பொறுப்பு இருந்ததோ அவர்தான் காவாமல் விட முடியும், தெருவில் போகிறவர் முடியாது. மொழிபெயர்ப்பில் கழன்று விழுந்த அந்தக் ‘கடமை’ இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எனவே என் பரிந்துரை இதுதான்: ஓட்டுநரின் நொடித் தவறுக்கு அஜாக்கிரதை இருக்கட்டும், தனித்தமிழ் வேண்டுவோர் விழிப்பின்மை என்று எழுதலாம். மதிக்காமல் நடந்ததற்கு அலட்சியம். சோறும் மருந்தும் தராமல் விட்டதற்குப் புறக்கணிப்பு. பார்க்கவேண்டிய கடமை இருந்தும் பாராமல் விட்டதற்குக் காவாமை. ‘தகுதிச் சான்று வழங்கியவரின் காவாமை’, ‘நிர்வாகத்தின் காவாமையால் நேர்ந்த மரணம்’ என்று எழுதிப் பாருங்கள், யாரைச் சொல்கிறோம் என்பது உடனே தெரியும்.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு நடைமுறை விஷயம். பிள்ளை போகிற வேனில் ஏதாவது சரியில்லை என்றால் வேன் அண்ணாவிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். ‘அவசரக் கதவு திறக்கவில்லை, இன்ன தேதியில் பார்த்தோம், சரிசெய்து தெரிவிக்கவும்’ என்று பள்ளிக்கு எழுதி, ஒரு நகலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ கையெழுத்தோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று ஒருவரும் சொல்ல முடியாது. குழந்தைக்கு வேறு வகை ஆபத்து என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. கூப்பிடுவதற்கு நீங்கள் அந்தக் குழந்தைக்கு உறவாக இருக்கவேண்டும் என்பதில்லை.