ஒட்டு வச்ச தகட்டுக்கும் ஒரு பதிவு வேணும்

எங்கட கிளிநொச்சிப் பக்கம் வயல் உழேக்க டிரக்டர் மட்காட் வெடிச்சா கராஜுக்குக் கொண்டுபோய் ஒட்டு வச்சு வெல்டிங் அடிச்சுப் பெயின்ட் பூசினா அலுவல் முடிஞ்சுது, பிறகு ஏதும் பிழைச்சாலும் வரம்புக் கரையில நிப்பாட்டிப்போட்டு மெக்கானிக் அண்ணைக்கு கோல் எடுத்துக் கேக்கலாம். பிளேனுக்கு அது சரிவராது. இண்டைக்கு ஒட்டுப் போடுறவர் ஒராள், பத்து வருஷம் கழிச்சு அவடத்தைப் பாக்கப்போறவர் வேற ஒராள், ரெண்டு பேருக்கும் நடுவில இருக்கிறது செய்த வேலையளை எழுதிவைக்கிற லொக்புக் மட்டும்தான்.

அமெரிக்கச் சட்டத்தைப் பாப்பம். பாரம் தாங்கிற தகட்டில 6 இஞ்சிக்கு மேல சேதம் எண்டா அது பெரிய திருத்தம், வழமையா ஃபோம் 337 நிரப்பி ஒரு கொப்பி ஓனருக்கும் இன்னொண்டு அங்கத்த விமானத்துறை அதிகாரசபையான எஃப்ஏஏக்கும் குடுக்கோணும். செட்டையில 2 இஞ்சி வெடிப்பு, வேற விதத்திலயும் பலத்தையோ பறப்பையோ பெரிசாப் பாதிக்காது எண்டா சின்னத் திருத்தம், லொக்புக்கில எழுதினாக் காணும். என்ன வேலை, எப்ப முடிஞ்சது, செய்தது ஆர், சரி எண்டு விட்டவரின்ர கையெழுத்து, அவரின்ர சான்றிதழ் நம்பர், வகை.

இதில "என்ன வேலை" எண்ட இடத்திலதான் கனபேர் கை சுருக்குறவை. "செட்டை திருத்தினது" எண்டா எந்தச் செட்டை, எவடம், தகடு எவ்வளவு தடிப்பு, எந்தக் கையேட்டின்ர எந்தப் பக்கத்தைப் பாத்துச் செய்தது? தகடுகளைப் பொருத்துற ஆணியான ரிவெட்டை எம்எஸ்20470ஏடி4 எண்டு எழுதினா, ஏடி எண்டது 2117 அலுமினியக் கலவை, 4 எண்டது 32இல 4 பங்கு, அதாவது 1/8 இஞ்சி விட்டம் எண்டு அடுத்தவருக்கு உடன விளங்கும். ஏடி ரிவெட்டின்ர தலையில ஒரு சின்னக் குழி இருக்கும், பெயின்ட் அடிச்சா அதுவும் மூடுப்பட்டுப்போடும்.

1980இல ஹொங்கொங்கில வால் நிலத்தில தேய்ஞ்ச சைனா எயர்லைன்ஸ் 747க்கு, கீறல் விழுந்த தகட்டை வெட்டி எடுக்காம அதுக்கு மேலயே ஒட்டுத் தகடு போட்டிட்டினம், எப்பிடிச் செய்தது எண்ட முழு விவரமும் பதிவில இருக்கேல்ல. வெடிப்பு உள்ளுக்குள்ள வளந்து 2002 மே 25 அண்டு வானத்திலயே உடைஞ்சு 225 பேரும் செத்தவை. அது சின்னத் திருத்தமில்லத்தான், எண்டாலும் மூடின தகட்டுக்குக் கீழ என்ன கிடக்கு எண்டு கண்ணால காணேலாது எண்டது ரெண்டுக்கும் பொது.

சின்ன வேலையின்ர பதிவை 1 வருஷத்துக்குப் பிறகு எறியச் சட்டம் விடும். நான் எண்டா எறியமாட்டன். ஒட்டுக்குப் பக்கத்தில இன்னொரு வெடிப்பு வந்தா, பழைய ரிவெட் ஓட்டையள் எந்த அளவு, எவ்வளவு இடைவெளி எண்டு தெரியாம புது ஓட்டை எவடத்தில துளைக்கிறது?