தனுஷ்கோடியிலிருந்து ஒரு வேற்றுலகம்

அறிவியல் புனைகதைகளில் இதை நிறையப் பார்த்திருப்போம். ஒரே மூதாதையரின் வழிவந்த இரண்டு வேற்றுக்கோள் இனங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டம் விண்கலம் ஏறிப் போனது. இப்போது அவர்களுக்கு நெற்றி வேறு, தோல் நிறம் வேறு. இந்தப் பிரிவு நிஜத்தில் எப்படி நடக்கும்? யோசிக்க ராமநாதபுரம் கடற்கரை நல்ல இடம்.

தனுஷ்கோடிக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தொடர்ந்து இலங்கை வரை மணல் திட்டுகள். அந்தத் திட்டுகள் ஒரே கரையாக எழுந்து இரு கடலையும் அடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வடக்கே உள்ள, இலங்கையைச் சுற்றி வர முடியாத கடல் உயிர்களின் மரபணு இனித் தெற்கே போகாது. இரு பக்கமும் தனித்தனியே மரபணு மாற்றங்கள் சேரும். சில, அந்தந்த நீரின் சூட்டுக்கும் இரைக்கும் ஒத்துப்போவதால் பரவும். சில, வெறும் தற்செயலால் பரவும். கூட்டம் சிறியதானால் தற்செயலின் கை ஓங்கும்.

மத்திய அமெரிக்காவின் பனாமாவில் இது உண்மையாகவே நடந்தது. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலம் எழுந்து பசிபிக்கையும் கரீபியன் கடலையும் பிரித்தது. கொடுக்கைச் சொடுக்கி வெடிச்சத்தம் எழுப்பும் சின்ன இறால்கள் இருபுறமும் சிக்கிக்கொண்டன. பார்வைக்கு இன்றும் அவை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இரு பக்கத்து ஆணையும் பெண்ணையும் ஆய்வகத்தில் ஒன்றாக விட்டால் சண்டை போடுகின்றன, இணைவது மிக அரிது. கதாசிரியர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். முகம் மாறாமலே, தமக்குள் இணையாத இரண்டு இனங்களாகப் பிரிந்துவிடலாம்.

நிலத்து உயிர்களுக்குத் தடை என்றால் கடல்தான் என்றும் இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுக உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள மண்டபத்திலிருந்து இலங்கையின் மன்னாருக்கு அப்போது நடந்தே போயிருக்கலாம். அப்படியிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளும் நன்னீர் நண்டுகளும் இலங்கையில் உள்ளவற்றிலிருந்து பெரும்பாலும் தனி வம்சங்களாகவே இருப்பதை 2004-இல் வெளிவந்த ஒரு ஆய்வு காட்டியது. ஈரக்காட்டுத் தவளைக்கு இடையில் கிடந்த வறண்ட தரையே கடக்க முடியாத கடலாக இருந்திருக்கலாம். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். ஒரே கோளில், ஒரே நிலத்தில், தட்பவெப்பம் மட்டுமே இரண்டு இனங்களை உருவாக்கிவிடலாம்.

சரி, இரண்டாயிரம் ஆண்டு போதுமா? 25 வயதில் பிள்ளை பெறும் உயிருக்கு அது வெறும் 80 தலைமுறை. ஆஸ்திரேலியாவின் தொல்குடிகள் ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் பெருமளவு தனித்து வாழ்ந்தும் நம்மைப் போன்ற மனிதர்களே. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் வாழும் சிக்லிட் மீன்களோ சுமார் 15,000 ஆண்டுகளில் பல நூறு இனங்களாகப் பெருகின. அவற்றுக்குத் தலைமுறை குறுகியது. ஆழத்துக்கு ஆழம் வெளிச்சமும் இரையும் வேறு. உங்கள் வேற்றுலகத்தாருக்கும் அப்படியொரு வாழ்க்கையைக் கொடுங்கள், அல்லது பல லட்சம் ஆண்டுகளைக் கொடுங்கள். அப்புறம், இரு கோள்களுக்கும் நடுவே வணிகக் கலங்களை ஓட விடாதீர்கள். தலைமுறைக்குச் சிலர் போய் அங்கேயே மணம் முடித்தாலும், பிரிவு பெரும்பாலும் நின்றுவிடும்.