விமானத்தில் குழந்தை தூங்க மருந்து கேட்கும் பெற்றோருக்கு

ஆண்டுத் தேர்வுகள் முடிந்த வாரத்திலிருந்து பள்ளி திறக்கும் வரை, சென்னையில் நான் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவமனையின் மாலை நேரப் பிரிவில் ஒரே கேள்வி வெவ்வேறு முகங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சென்ற கோடையில் வந்த ஒரு தாயின் மடியில் 14 மாதக் குழந்தை இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் வீட்டில் ஒரு மாதம் தங்கி வர மூன்று நாளில் கிளம்புகிறார்கள். "டாக்டர், ஃப்ளைட்ல அழாம தூங்கறதுக்கு ஏதாவது சிரப் எழுதிக் குடுங்க. பக்கத்துல உட்காருறவங்க முகத்தைப் பார்க்கவே பயமா இருக்கு" என்றார்.

அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு விமானத்தில் நியூயார்க் சேரும் குடும்பம், வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை ஏறத்தாழ 28 மணி நேரம் வழியில் இருக்கிறது. கைக்குழந்தையோடு அவ்வளவு நேரத்தைக் கடப்பது எளிதன்று. ஆனாலும் அந்த மருந்தை நான் எழுதிக் கொடுப்பதில்லை; அதற்கான காரணத்தை அவசரமில்லாமல் விளக்கவே இதை எழுதுகிறேன்.

பெற்றோர் பெரும்பாலும் குறிப்பிடுவது, சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படும், தூக்கத்தைப் பக்கவிளைவாக உண்டாக்கும் ஒவ்வாமை மருந்துகளைத்தான். அவற்றில் ஒன்றான புரோமெதசினை 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004-ஆம் ஆண்டிலேயே தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. காரணம், அது சிறு குழந்தைகளின் மூச்சை அடக்கிவிடக்கூடியது. குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்ற எச்சரிக்கையை அச்சிடும்படி நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியும் 2023 டிசம்பரில் அறிவுறுத்தினார். இவ்வளவுக்குப் பிறகும், "போன தடவை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்ற வாய்வழிப் பரிந்துரைதான் அதிகம் செல்லுபடியாகிறது.

விமானத்துக்குள் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரை மட்டத்தில் இருப்பது போன்றதன்று; 6,000 முதல் 8,000 அடி உயரத்தில், அதாவது ஏறக்குறைய ஊட்டியில் இருப்பதைப் போன்றது. இரத்தத்தில் கலக்கும் ஆக்சிஜனின் அளவு அங்கே சற்றுக் குறையும். ஆரோக்கியமான குழந்தை அதை எளிதில் தாங்கிக்கொள்ளும். மருந்தால் மூச்சு மந்தமான குழந்தை, விளக்கணைத்த விமானத்தில், போர்வைக்குள், அசதியில் கண்ணயர்ந்த தாயின் மடியில் கிடக்கும்போது, அதன் உதடு நீலம் பாய்வதை யார் பார்ப்பது? இன்னொரு பக்கம், இதே மருந்துகள் சில பிள்ளைகளுக்கு நேர்மாறான விளைவைத் தந்து, தூங்க விடாமல் மணிக்கணக்கில் துள்ள வைத்துவிடும். பயண வாந்தி அதிகமுள்ள, 2 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு மருத்துவர் எடையைப் பார்த்து மருந்து எழுதுவது வேறு. அழுகையை அடக்குவதற்காகக் கொடுப்பது வேறு.

அப்படியானால் குழந்தையைத் தூங்க வைப்பது எது? அதன் வழக்கமான நேரம். சென்னையிலிருந்து கிளம்பும் நெடுந்தூர விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் புறப்படுகின்றன. அதிகாலை 3.45-க்கு விமானம் என்றால் இரவு 11.30 மணிக்கே வீட்டை விட்டு இறங்க வேண்டும். வழியனுப்ப வந்த உறவினர்கள் எல்லோரும் மாறி மாறித் தூக்கிக் கொஞ்சி, அந்த 11.30 மணி வரை குழந்தையை விழிக்க வைத்திருப்பதுதான் நான் அடிக்கடி கேள்விப்படும் தவறு. களைத்துப் போனால் நன்றாகத் தூங்கும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். குழந்தைகளின் உடம்பு அப்படி நடந்துகொள்வதில்லை. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை, தூங்க முடியாமல்தான் அழும். அன்று பகல் தூக்கத்தைச் சற்று நீளவிட்டு, இரவு 7 மணிக்குச் சாப்பாட்டை முடித்து, பயணத்துக்கான பருத்தி உடையையே போட்டு வழக்கமான நேரத்தில் படுக்க வைத்துவிடுங்கள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. இடையில் மாறும் விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் கிடைத்தால், தள்ளுவண்டியில் கட்டி வைக்காமல், கீழே விட்டு ஓட விடுங்கள். அடுத்த 14 மணி நேரப் பயணத்தின் தூக்கம் அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

அடுத்து, காது. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் "டப்" என்று திறப்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஊட்டியிலிருந்து காரில் கீழே இறங்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானம் அதே அளவு அழுத்த மாற்றத்தை ஏறத்தாழ அரை மணி நேரத்தில் கடக்கிறது. நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் குறுகலாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் எளிதில் திறப்பதில்லை. வலி பெரும்பாலும் ஏறும்போது வராமல் இறங்கும்போதுதான் வருகிறது. பல தாய்மார்கள் விமானம் கிளம்பும்போதே பாலைக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். இறங்கும் நேரத்தில் குழந்தை குடிக்க மறுக்கிறது. ஒரு வேளைப் பாலை இறக்கத்துக்கென ஒதுக்கி வையுங்கள். இறக்கம் தொடங்கும் அறிவிப்பு தரையிறங்குவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பு வரும். தூங்கினால் விழுங்குவது குறையும் என்பதால், அப்போது குழந்தையை மெல்ல எழுப்பி, நிமிர்த்தி வைத்துப் பால் கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீர் போதும். எல்லாவற்றையும் மீறி அழுதால், அழட்டும்; அழும்போதும் அந்தக் குழாய் திறக்கிறது. அதனால் வெட்கப்பட எதுவுமில்லை. சளி இருந்தால், இறக்கத்துக்கு முன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுவதே போதுமானது.

மருந்துப் பையில் நான் மிகவும் கவலைப்படுவது காய்ச்சல் மருந்தைப் பற்றித்தான். என் மேசையில் பாராசிட்டமால் புட்டிகள் இரண்டை எப்போதும் வைத்திருப்பேன். ஒரே நிறத் திரவம், ஏறக்குறைய ஒரே உயரப் புட்டி. ஒன்றில் 5 மி.லி.க்கு 125 மில்லிகிராம், மற்றொன்றில் 250 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மில்லிகிராம் இருக்கிறது. அமெரிக்கக் கடைகளில் கிடைப்பது 5 மி.லி.க்கு 160 மில்லிகிராம். எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில், 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் போதும். முதல் புட்டியில் அது 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., சொட்டு மருந்தில் 1.5 மி.லி. "ஆறு மி.லி. கொடுக்கச் சொன்னார்" என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அரைத்தூக்கத்தில் சொட்டு மருந்தை 6 மி.லி. ஊற்றினால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஆகவே அவர்கள் எடுத்துச் செல்வது 250 மில்லிகிராம் புட்டி என்றால், கிளம்பும் முன் அதன் மீதே ஒரு ஒட்டுத்தாளில், "10 கிலோ, ஒரு வேளைக்கு 3 மி.லி., 6 மணி நேரத்துக்கு ஒரு முறை" என்று எழுதி ஒட்டுகிறேன். நேர மண்டலங்கள் மாறும்போது கைக்கடிகாரத்தை நம்பாதீர்கள். மருந்து கொடுத்ததும் கைபேசியில் ஆறு மணி நேர டைமர் போடுங்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலரும் ஸ்பேசரும், வலிப்பு மருந்தும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டிகள் தாமதமாக வரலாம். மருந்தின் பொதுப்பெயர் எழுதிய ஆங்கிலச் சீட்டு ஒன்றை மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அபின் வகையைச் சேர்ந்த கோடீன் கலந்த இருமல் மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. இதோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். பாட்டி அன்போடு அரைத்துக் கொடுக்கும் மசாலாப் பொடியில் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுத்து வையுங்கள்.

மூன்று நாளுக்கு முன்பு வருகிறவர்களுக்கு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆறு வாரத்துக்கு முன்பே வாருங்கள் என்பது இதனால்தான்: 9 வயதுக்கு உட்பட்ட பிள்ளை முதன்முறையாக ஃப்ளூ தடுப்பூசி போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை, அதன் பிறகு எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரம் ஆகும். தட்டம்மையை ஏழை நாடுகளின் நோய் என்று நினைக்க வேண்டாம். அந்நோயை ஒழித்த நாடு என்ற தகுதியைக் கனடா 2025 நவம்பரில் இழந்தது. 6 மாதம் முடிந்து, 9 மாதத் தவணையை இன்னும் போடாத குழந்தைக்குப் பயணத்தை முன்னிட்டு ஒரு தவணை முன்கூட்டியே போடலாம். அது கணக்கில் சேராது, வழக்கமான தவணைகளை உரிய வயதில் மறுபடி போட வேண்டும். கென்யா போன்ற நாடுகளுக்குச் செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே முடிக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் அது போடப்படுகிறது.

இருக்கையைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: மடிக்குழந்தையோடு நடைபாதை ஓரத்தில் உட்காராதீர்கள்; சூடான பானங்கள் அந்த வழியாகத்தான் வருகின்றன. விமானத்தில் ஒரு தாயின் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டுத் தொடை வெந்துபோன ஒன்பது மாதக் குழந்தைக்குப் பல நாள் நான் கட்டு மாற்றியிருக்கிறேன். கொப்புளம் உடைந்த அந்த இடம் ஓர் உள்ளங்கை அளவு இருந்தது. குழந்தை மடியில் இருக்கும்வரை சூடான பானம் வேண்டாம். கணவனும் மனைவியும் முறை வைத்துக் குடிக்கலாம். தொட்டில் வேண்டுமென்றால் பயணச்சீட்டு எடுத்த அன்றே கேட்டு, எடை வரம்பையும் உறுதி செய்துகொள்ளுங்கள். விமானம் குலுங்கும்போது குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்துவிட வேண்டும். போகும்போது 2 வயது நிறையாத குழந்தைக்குத் திரும்பும்போது நிறைந்துவிடும் என்றால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டியிருக்கும்.

உணவில், வீட்டில் செய்த இட்லியும் பொடியும் முதல் விமானம் வரைக்கும்தான்; 18 மணி நேரம் பையில் கிடந்ததைக் கொடுக்க வேண்டாம். 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ தரவே கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கினால் நடுவானில் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். விமானக் காற்று மிகவும் வறண்டது. கேட்காமலே அடிக்கடி தண்ணீரோ தாய்ப்பாலோ கொடுத்துக்கொண்டிருங்கள். புட்டிப்பாலை விமானக் குழாய்த் தண்ணீரில் கரைக்காமல், பணியாளரிடம் கொதித்த நீர் கேட்டு, ஆறவைத்துக் கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ் பொட்டலத்தை உறையில் சொன்ன அளவு நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். அந்தப் பெயரில் விற்ற சர்க்கரைப் பானங்கள் வேறு. உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் இல்லாத பானங்களில் ஓஆர்எஸ் என்று அச்சிடக் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

சில பயணங்களைத் தள்ளிப்போடச் சொல்வேன். காதுவலியோடு காய்ச்சல், வேகமாக இழுக்கும் மூச்சு, பொருக்குத் தட்டாத அம்மைக் கொப்புளம் ஆகியவை இருந்தால் ஏறக் கூடாது. எலும்பு முறிவுக்கு முழு மாவுக்கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகாமல் நெடும்பயணம் கூடாது. கட்டுக்குள் அடைபட்ட காற்று விரிந்து, வீங்கிய கையை நெரிக்கும். குறைப்பிரசவக் குழந்தை என்றால் அதன் நுரையீரலை அறிந்த மருத்துவரைக் கேளுங்கள்.

நியூயார்க் நேரம் கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியது. உடம்பின் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். ஆகவே முதல் வாரத்தில் இரவு 2 மணிக்குக் குழந்தை விழித்துப் பசிக்கிறது என்று சொன்னால், அதன் வயிற்றுக்கு அது நண்பகல்தான். விளக்கை மங்கலாக வைத்து, கைபேசியைக் காட்டாமல், கொஞ்சம் தயிர்சாதமோ பாலோ கொடுத்து மறுபடி படுக்க வையுங்கள். காலையில் வெயில் வந்ததும் வெளியே கூட்டிச் செல்லுங்கள். திரும்பி வந்த பின்னும் இதையேதான் செய்ய வேண்டும். அப்போது இன்னும் சில நாள் கூடுதலாக ஆகும் என்பதால், பள்ளி திறக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே திரும்பும்படி பயணச்சீட்டை எடுத்துவிடுங்கள்.