டேம்ல சேர்ற மண்ண ஏன் அள்ள மாட்டேங்குறாங்க?

கோடைல தண்ணி வத்துனா போதும், "டேம தூர்வார வேண்டியதுதான"ன்னு யாராச்சும் ஆரம்பிச்சுருவாங்க. ஏரி குளம்னா சரி. டேம்னா கதையே வேற.

கர்நாடகால ஹோஸ்பேட் பக்கத்துல இருக்க துங்கபத்திராவ எடுத்துக்கோங்க. 1953ல கொள்ளளவு சுமார் 133 டிஎம்சி, 2016 சர்வேல சுமார் 106 தான். 27 டிஎம்சி இடத்துல இப்ப வண்டல். கன மீட்டர்ல சொன்னா 76 கோடி. ஒரு டிப்பருக்கு 10 கன மீட்டர், டெய்லி 10,000 லோடுன்னு வைங்க, 20 வருஷம் ஆகும்னு தோணும், ஆனா ஆத்துல வருஷத்துக்கு சராசரியா 1.2 கோடி கன மீட்டர் புதுசா வந்து சேர்ந்துட்டே இருக்கறதால டெய்லி 3,300 லோடு அதுக்கே சரியா போயிரும், ஆக 30 வருஷத்துக்கும் மேல. கன மீட்டருக்கு வெறும் 200 ரூபான்னு வெச்சாலே 15,000 கோடி தாண்டுது, அவ்ளோ மண்ண எங்க கொட்டுறது?

அதனால அள்ளுறத விட தங்க விடாம தள்ளி விடுறதுதான் சீப். அடில பெரிய மதகு வெச்சு, வெள்ளம் செம்மண் கலர்ல வர்றப்ப தேக்காம விட்டுட்டு, தெளிஞ்ச தண்ணிய மட்டும் புடிக்கறது. சீனால மஞ்சள் ஆத்துல சான்மென்சியா டேம் 1960ல தேக்க ஆரம்பிச்சு ரெண்டே வருஷத்துல மண்ணு ஏகமா சேர்ந்து, அப்புறம் சுரங்கம் வெட்டி, அடைச்சு வெச்ச அடி மதகெல்லாம் திறந்து, இந்த முறைக்குத்தான் வந்தாங்க. இதுவும் ஃப்ரீ இல்ல, வெளிய விடுற தண்ணியும் போற கரண்டும்தான் செலவு.

அப்ப கட்டும்போதே ஏன் எல்லாரும் இத செய்யல? வட்டி கணக்குதான் வில்லன். 50 வருஷம் கழிச்சு வர்ற 100 ரூபா நஷ்டம், 10% வட்டில கழிச்சா இன்னிக்கு வெறும் 85 பைசா (இன்னிக்கு 85 பைசாவ அந்த வட்டில போட்டா அப்ப 100 ரூபா ஆயிரும்). அந்த 85 பைசாவுக்காக எந்த இன்ஜினியர் எக்ஸ்ட்ரா மதகு கேட்டு ஃபைல் தள்ளுவாரு? அடில கொஞ்சம் இடத்த மண்ணுக்குன்னு ஒதுக்கிட்டு போயிட்டாங்க. மண்ணு என்னமோ அங்க மட்டும் போய் படுக்கறதில்ல, ஆறு உள்ள நுழையற வாயிலயே மேடு கட்டிருது, நாம யூஸ் பண்ற தண்ணி இடமும் சேர்ந்து போகுது.

இப்ப கர்நாடகா கேக்கறது தூர்வாரல் கூட இல்ல, நவலிங்கற ஊர்ல இன்னொரு தேக்கம் கட்டலாம்னு. அதுக்கு ஆந்திராவும் தெலங்கானாவும் ஓகே சொல்லணும்.